நீல வியாபாரி லட்சுமிநரசு செட்டி

போன காலாண்டிதழில் மழைநீர் சேகரிப்புப் பற்றி எழுதியதற்கு நான்கைந்து பேர் லிஃப்டில் நிறுத்திப் பேசினார்கள். அந்தத் தைரியத்தில் இந்த முறை பழைய கதை ஒன்றைச் சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இதற்குக் காரணம் பி பிளாக்கில் இருக்கும் ஒரு பத்தாம் வகுப்புப் பெண். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சமூக அறிவியல் புத்தகத்தோடு வந்து கதவைத் தட்டினாள். "தாத்தா, இதில் சென்னைவாசிகள் சங்கம் என்று ஒரு பத்தி இருக்கிறது. கஜுலு லட்சுமிநரசு செட்டி என்று ஒருவர் பெயர் வருகிறது. அவர் யார் என்று புத்தகத்தில் இல்லையே?" என்றாள். எனக்கும் தெரியவில்லை. முப்பத்தைந்து வருடம் சென்னையில் வங்கி எழுத்தராக இருந்துவிட்டு இது தெரியவில்லையே என்று கொஞ்சம் கூச்சமாக இருந்தது. "அடுத்த வாரம் வாம்மா, சொல்கிறேன்" என்று அனுப்பினேன். ஒரு வாரம் என்று சொன்னது இரண்டு மாதம் ஆகிவிட்டது. அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன், கொஞ்சம் கூடுதலாக.

நான் பி.காம். படித்தவன். வரலாறு என் பாடம் இல்லை. ஆனால் ஒரு வியாபாரியின் வாழ்க்கையைப் பற்று, வரவு என்று இரண்டு பக்கமாகப் பிரித்துப் பார்க்கத் தெரியும். இந்தக் கதையை அப்படித்தான் படித்தேன்.

லட்சுமிநரசு செட்டி பிறந்தது 1806-இல், சென்னையில். தெலுங்கு பேசும் வியாபாரக் குடும்பம். கஜுலு என்றால் தெலுங்கில் வளையல்கள். அது குடும்பப் பெயர். அப்பா சித்துலு செட்டி நீலமும் துணியும் விற்றவர். நீலம் என்றால் நம் அம்மாக்கள் வேட்டிக்குப் போட்ட பொட்டல நீலத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது அவுரிச் செடியிலிருந்து எடுக்கும் சாயம். கடப்பை, தென்னார்க்காடு பக்கமெல்லாம் அவுரி பயிராகும். இலையைத் தொட்டியில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை அடித்துக் கலக்கி, அடியில் தங்குவதை வடித்துக் காயவைத்தால் கட்டி கட்டியாக நீலம் கிடைக்கும். அது சென்னைக்கு வந்து, இங்கிருந்து கப்பலேறும்.

அன்றைக்குச் சென்னையில் துறைமுகமே கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். சரக்கை மசூலாப் படகில் ஏற்றி, அலையைத் தாண்டிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நனைந்தால் போச்சு. அதன்பின் ஆப்பிரிக்காவைச் சுற்றி மாதக்கணக்கில் பயணம். லண்டனில் என்ன விலைக்குப் போனது என்பது கடிதம் வந்தால்தான் தெரியும். முதலைப் போட்டுவிட்டு ஒரு வருடம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் தொழில். அதில் பணம் பண்ணியவர்கள் நெஞ்சுரம் உள்ளவர்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். அப்பாவுக்குப் பிறகு மகன் தொழிலை எடுத்துப் பெருக்கினார். நகரத்தின் பெரிய பணக்காரர்களில் ஒருவரானார். பாங்க் ஆஃப் மெட்ராஸ் 1843-இல் வந்தது. அதற்கு முன்பே இவர் பெரிய வியாபாரி.

இதுவரை வரவுப் பக்கம். 1844-இல் இவர் ஒரு செலவைத் தொடங்கினார்.

'கிரெசென்ட்' என்று ஓர் ஆங்கிலப் பத்திரிகை. பிறை என்று அர்த்தம். ஹார்லி என்ற ஆங்கிலேயரை ஆசிரியராக வைத்தார். ஏன் ஆங்கிலத்தில் என்று கேட்பீர்கள். யாருக்குக் குறை சொல்ல வேண்டுமோ அவர்களுக்கு அந்த மொழிதான் புரியும். உங்கள் வீட்டில் தண்ணீர் வரவில்லை என்றால் பக்கத்து வீட்டில் சொல்லி என்ன பயன்? சங்கச் செயலாளர் படிக்கும் இடத்தில்தானே எழுத வேண்டும்!

அரசுக்கு இது பிடிக்கவில்லை. கோட்டையிலிருந்து வெளிவரும் அரசு கெஜட்டில் கிரெசென்டின் விளம்பரத்தைப் போடவே மறுத்துவிட்டார்கள். பத்திரிகைத் தொழிலில் அரசு விளம்பரத்துக்கும் அரசு ஆதரவுக்கும் என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியும். நான் வேலை பார்த்த ஒரு கிளையில் சின்னப் பத்திரிகை ஒன்றின் கணக்கு இருந்தது. டெண்டர் அறிவிப்பு வந்த மாதம் சம்பளம் போடுவார்கள். வராத மாதம் ஓவர்டிராஃப்ட் கேட்டு வருவார்கள். செட்டியாருக்கு ஓவர்டிராஃப்ட் கொடுக்க வேறு ஆள் இல்லை. நீலக் கணக்கிலிருந்து எடுத்துத்தான் பிறைக் கணக்கில் போட்டிருக்க வேண்டும்.

அந்தக் காலத்து கவர்னர் ட்வீடேல் பிரபு. அரசுப் பள்ளிகளில் பைபிளைப் பாடமாக வைக்கலாம் என்று 1846-இல் அவர் முயன்றார். செட்டியார் அக்டோபர் மாதம் பெரிய கூட்டம் கூட்டி, ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கி, லண்டனிலிருந்த கம்பெனி இயக்குநர்களுக்கு மனு அனுப்பினார். அரசுப் பள்ளி எல்லா மதத்துப் பிள்ளைகளும் படிக்கும் இடம் என்பது வாதம். இயக்குநர்கள் கவர்னரின் யோசனையை ஏற்கவில்லை. கோட்டையைத் தாண்டி மேலே எழுதினால் பதில் வரும் என்பதை இவர் அப்போது கற்றுக்கொண்டார். பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுதான் ஒத்திகை.

அதே மனுவில் இன்னொரு விஷயமும் இருந்தது. மதம் மாறியவருக்கும் குடும்பச் சொத்தில் பங்கு உண்டு என்று ஒரு சட்ட வரைவு வந்திருந்தது. செட்டியாரும் நண்பர்களும் அதை எதிர்த்தார்கள். இதில் எனக்கு அவரோடு உடன்பாடு இல்லை. ஒருவன் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் அப்பா சொத்து அப்பா சொத்துதான். 1850-இல் அந்தச் சட்டம் வந்தே விட்டது. பெரிய மனிதர் என்பதால் அவர் செய்த எல்லாவற்றுக்கும் நாம் தலையாட்ட வேண்டியதில்லை.

இனிதான் முக்கியமான பகுதி. காபி ஏதாவது போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்தியாவை ஆள பார்லிமெண்ட் கொடுத்த பட்டயம் இருபது வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். 1813, 1833, அடுத்தது 1853. நம் குடியிருப்பில் செக்யூரிட்டி ஏஜென்சியின் ஒப்பந்தம் முடியும் மாதத்தில்தான் எல்லோரும் குறை சொல்வோமே, அதுபோல் பட்டயம் புதுப்பிக்கும் நேரம்தான் கம்பெனியைப் பற்றிப் புகார் சொல்லச் சரியான நேரம். கல்கத்தாவில் 1851-இலேயே ஒரு சங்கம் தொடங்கியிருந்தார்கள். 1852 பிப்ரவரியில் அதன் கிளையாகச் சென்னையில் தொடங்கியதுதான் சென்னைவாசிகள் சங்கம். சீக்கிரமே தனியாகச் செயல்பட ஆரம்பித்தது. தென்னிந்தியாவில் அரசியல் நோக்கத்தோடு அமைந்த முதல் சங்கம் என்று அதைச் சொல்வார்கள். முன்னின்றவர் செட்டியார். அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அவரைப் போன்ற வியாபாரிகள். சங்கம் என்றால் பிணக்கு இல்லாமலா? சீனிவாச பிள்ளை போன்றவர்கள், முதலில் நம் சமூகத்தைத் திருத்துவோம், அரசியல் பிறகு என்று சொல்லித் தனியே போய்விட்டார்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த டிசம்பரில் சங்கம் பார்லிமெண்டுக்கு ஒரு நீண்ட மனு எழுதியது. நிலவரி தாங்கவில்லை. கோர்ட்டுக்குப் போனால் செலவும் காலமும் கணக்கில்லை. ரோடு இல்லை, ஏரி குளத்துக்குச் செலவு செய்வதில்லை, பள்ளிக்கூடம் போதாது. இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு விஷயம் இருந்தது. வரி வசூலிக்கக் குடியானவர்களை அடிக்கிறார்கள் என்பது.

இதைப் புரிந்துகொள்ள அன்றைய நிர்வாகம் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். சென்னை மாகாணத்தில் பெரும்பகுதி ரயத்துவாரி முறை. நடுவில் ஜமீன்தார் கிடையாது. குடியானவர் நேராக அரசுக்கு வரி கட்ட வேண்டும். ஒவ்வொரு வருடமும் ஜமாபந்தி நடத்தி இவ்வளவு என்று முடிவு செய்வார்கள். தவணை தவணையாகக் கிஸ்தி கட்ட வேண்டும். வசூலிப்பவர் தாசில்தாரும் அவருக்குக் கீழே இருக்கும் சேவகர்களும். 1816-இல் கொண்டுவந்த சட்டங்களின்படி அதே தாசில்தார்தான் தாலுகாவுக்குப் போலீஸ் தலைவரும். கிஸ்தி பாக்கி என்று உங்களைப் பிடித்துவந்து வெயிலில் நிறுத்துகிறவர் அவர். அதைப் பற்றி நீங்கள் புகார் கொடுக்க வேண்டிய போலீசும் அவர். அவருக்கு மேலே இருக்கும் கலெக்டரோ வரி வசூலுக்கும் தலைவர், மாஜிஸ்திரேட்டும் அவரே.

வங்கியில் சேர்ந்த முதல் நாளே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. வவுச்சர் எழுதுகிறவர் ஒருவர்; அதைப் பாஸ் செய்கிறவர் வேறொருவர். இரண்டும் ஒரே கையெழுத்தாக இருக்கவே கூடாது. யார் மீதும் சந்தேகம் என்பதற்காக அல்ல. நல்ல மனிதருக்குக்கூட அவசரத்தில் கை நழுவும், அதைப் பிடிக்க இன்னொரு கண் வேண்டும். நம் சங்கத்தின் காசோலைகளில் இரண்டு கையெழுத்து கேட்பதும் அதனால்தான். அன்றைய சென்னை மாகாணத்தில் ஒரு தாலுகா முழுவதற்கும் ஒரே கையெழுத்து.

மனு லண்டன் போனது. அங்கே கம்பெனி மேல் அதிருப்தி கொண்ட பார்லிமெண்ட் உறுப்பினர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஹென்றி டான்பி செமூர். 1853-இல் அவர் சென்னைக்கே கிளம்பி வந்தார். இங்கேதான் செட்டியாரின் வியாபார மூளை வேலை செய்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. வந்த விருந்தாளிக்குக் கூட்டம் போட்டு மாலை போட்டு அனுப்பிவிடவில்லை. அவரைக் கூட்டிக்கொண்டு மாவட்டங்களுக்குப் போனார். வாங்குகிறவரைக் கிடங்குக்கே அழைத்துப்போய்ச் சரக்கைக் காட்டுவதில்லையா, அது மாதிரி. தென்னிந்தியாவில் முதல் பயணிகள் ரயில் ஓடியது 1856-இல், ராயபுரத்திலிருந்து. ஆகவே இந்தப் பயணம் முழுக்க மாட்டுவண்டி, பல்லக்கு வகையறாதான். செட்டியாருக்கு அப்போது நாற்பத்தேழு வயது. நீலக் கட்டிகளை எடை போட வேண்டிய மனிதர், கிராமம் கிராமமாகப் போய்க் குடியானவர்களை வெள்ளைக்காரர் முன்னால் பேச வைத்துக்கொண்டிருந்தார்.

செமூர் திரும்பிப்போய் 1854 ஜூலையில் பார்லிமெண்டில் இதைப் பேசினார். சித்திரவதையெல்லாம் அங்கே கிடையாது என்று கம்பெனித் தரப்பு மறுத்தது. சரி, விசாரித்துவிடலாம் என்று அந்த வருடமே சென்னையில் ஒரு ஆணையம் அமைத்தார்கள். மூன்று பேர். ஒருவர் ஸ்டோக்ஸ், வருவாய்த் துறைக்காரர். இன்னொருவர் ஜான் புரூஸ் நார்ட்டன், வக்கீல். கம்பெனி நிர்வாகத்தைக் கடுமையாக விமர்சித்து எழுதியவர். மூன்றாமவர் சென்னையின் தலைமை மாஜிஸ்திரேட்டும் போலீஸ் சூப்பிரண்டுமான எலியட். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நம்மில் பாதிப் பேர் சுண்டல் சாப்பிடப் போகிறோமே பெசன்ட் நகர் கடற்கரை, எலியட்ஸ் பீச், அந்த எலியட்தான்.

புகார் கொடுக்க மூன்று மாதம் அவகாசம் கொடுத்தார்கள். நேரில் வருகிறவர்கள் சென்னைக்குத்தான் வர வேண்டும். வந்த புகார்கள் 1,959. அதில் 1,440 கடிதம் மூலம். மீதி 519 பேர் நேரில் வந்தார்கள்.

அந்த 519-ஐ அப்படியே தாண்டிப் போகாதீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். ஒரு நாளைக்கு 25 கிலோமீட்டர் நடந்தாலும் இருபத்தைந்து நாள் ஆகும். திரும்பிப் போகவும் அவ்வளவு. நடுவில் வயல் என்ன ஆகும்? திரும்பிப் போனால் ஊரில் அதே தாசில்தார்தான் உட்கார்ந்திருப்பார். இருந்தும் நேரில் வந்தார்கள்.

1855 ஏப்ரலில் அறிக்கை வெளிவந்தது. வரி வசூலிக்கவும், குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் சித்திரவதை நடக்கிறது என்று ஒப்புக்கொண்டது. அதில் வரும் பெயர்களைப் பார்த்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது, ஏனென்றால் அவை நம் சொந்தத் தமிழ் வார்த்தைகள். கிட்டி: இரண்டு கட்டைகளுக்கு நடுவில் கைவிரலை வைத்து இறுக்குவது. அண்ணாந்தாள்: ஆளை வளைத்து, நிமிர முடியாதபடி கயிற்றால் கட்டி வெயிலில் விட்டுவிடுவது. சாப்பாட்டுக்கோ, இயற்கை உபாதைக்கோகூட விடாமல் நாள் முழுக்க உட்கார வைப்பது. இன்னும் சில இருக்கின்றன. குழந்தைகளும் படிக்கும் இதழ் என்பதால் விடுகிறேன். கிட்டி என்ற சொல் ஆங்கில எழுத்தில் லண்டன் பார்லிமெண்டின் காகிதங்களில் ஏறியது. இரண்டு வருடம் கழித்து, 1857-இல், கார்ல் மார்க்ஸ் இந்த அறிக்கையை வைத்து நியூயார்க் பத்திரிகை ஒன்றில் கட்டுரையே எழுதினார்.

அறிக்கை சொன்னதில் என்னை நிறுத்தியது வேறொரு இடம். தாங்கள் பார்த்ததில் மனத்தை அதிகம் பாதித்தது, அடிபட்டவருக்கு நியாயம் கிடைப்பதில் இருக்கும் கஷ்டம்தான் என்கிற பொருளில் ஆணையத்தார் எழுதியிருக்கிறார்கள். தாசில்தாருக்கு எதிராகக் கலெக்டரிடம் போக வேண்டும். கலெக்டர் எங்கோ முகாமில் இருப்பார். முத்திரைத் தாள் வாங்க வேண்டும். மனு எழுத ஆள் பிடிக்க வேண்டும். எல்லாம் செய்தால், விசாரித்து அறிக்கை அனுப்புமாறு அந்த மனு கீழே தாலுகாவுக்கே திரும்பி வரும்.

இதைப் படித்தபோது 1986 ஞாபகம் வந்தது. அப்போது நான் ஒரு கிராமக் கிளையில் எழுத்தர். பெயர் வேண்டாம். மார்ச் மாதம் என்றால் விவசாயக் கடன் வசூல் முகாம். ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஒருநாள் ஒரு பெரியவர் கவுண்டருக்கு வந்தார். கடன் தவணை பாக்கி என்று அவர் கிணற்று மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நெல் பால் பிடிக்கும் நேரம். யாரிடம் சொல்வது என்று கேட்டார். ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, சொல்லச் சொல்லி நானே எழுதினேன். அவர் கைநாட்டு வைத்தார். உள்வரவுப் பதிவேட்டில் எண் போட்டு, முறைப்படி மேசைக்கு அனுப்பினேன். மேசை யாருடையது என்கிறீர்கள்? மோட்டாரைக் கழற்றச் சொன்ன அதே அதிகாரியுடையது. அந்தப் பெரியவரை யாரும் அடிக்கவில்லை. டீ கூட வாங்கிக்கொடுத்தோம். மோட்டார் திரும்பிப் போனது அறுவடை முடிந்த பிறகு. இரண்டு கையெழுத்து வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்த நான், அந்தக் கடிதத்தை வட்டார அலுவலகத்துக்கு ஒரு நகல் போட்டிருக்கலாம். சில பைசா தபால் செலவு. போடவில்லை. மேலதிகாரி என்ன நினைப்பாரோ என்ற பயம்தான், வேறென்ன.

அதனால்தான் லட்சுமிநரசு செட்டி என்ன செய்தார் என்று எனக்குப் புரிகிறது என்று நினைக்கிறேன். கிட்டிக் கட்டையை அவர் கையால் பிடுங்கி எறியவில்லை. நகலை வட்டார அலுவலகத்துக்கு அனுப்பினார், அவ்வளவுதான். அனுப்புவதற்கு ஒரு பத்திரிகை, ஒரு சங்கம், ஆயிரக்கணக்கான கையெழுத்து, ஒரு பார்லிமெண்ட் உறுப்பினரின் பயணம் இவ்வளவும் தேவைப்பட்டது. நீல வியாபாரப் பணம் அங்கேதான் போனது.

அறிக்கையில் ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு இதில் பங்கில்லை, எல்லாம் கீழே இருந்த நம் ஊர்ச் சேவகர்கள் வேலை என்கிற மாதிரி எழுதி மேலே இருப்பவர்களைக் காப்பாற்றிவிட்டார்கள். வசூல் இலக்கை நிர்ணயித்தவர் கை சுத்தம், இலக்கை எட்டப் போனவன் கைதான் அழுக்கு! வங்கியில் வேலை பார்த்தவர்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள்.

ஆனால் வெறும் காகிதமாகவும் முடிந்துவிடவில்லை. வசூலையும் போலீசையும் பிரிக்க வேண்டும் என்ற பேச்சு வலுத்து, 1859-இல் சென்னை மாகாணத்துக்கென்று தனிப் போலீஸ் சட்டம் வந்தது. தாசில்தார் கையிலிருந்த போலீஸ், தனித் துறையாகத் தனி அதிகாரியின் கீழ் போனது. 1861-இல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம், போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்றது. பிற்பாடு அது 1872-ஆம் வருட சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவானது. சினிமாவில் வக்கீல்கள் மேசையைத் தட்டிப் பேசும் பிரிவுதான்.

1860-இல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 330-ஆம் பிரிவையும் எடுத்துப் பார்த்தேன். வாக்குமூலத்துக்காகவோ பணத்துக்காகவோ ஒருவரைத் துன்புறுத்துவது பற்றிய பிரிவு. அதன் கீழே எடுத்துக்காட்டுகள் கொடுத்திருக்கிறார்கள். வரிப் பாக்கியைக் கட்ட வைப்பதற்காக ஒரு வருவாய் அதிகாரி ஒருவரைச் சித்திரவதை செய்கிறார், அவர் குற்றவாளி என்று ஒன்று. வாரம் கட்ட வைக்க ரயத்தைச் சித்திரவதை செய்யும் ஜமீன்தார் பற்றி இன்னொன்று. இவை செட்டியாரின் மனுவால் வந்தவை என்று நான் சொல்ல மாட்டேன். அந்தச் சட்டத்தின் வரைவு மெக்காலே காலத்தது, 1837-லேயே தயாரானது. ஆனால் 2024 ஜூலையில் புதிய சட்டம் நடைமுறைக்கு வரும்வரை அந்த எடுத்துக்காட்டுகள் அப்படியே இருந்தன.

செட்டியாரின் கடைசி வருடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதிகம் சொல்ல எனக்கு மனமில்லை. 1857-க்குப் பிறகு கம்பெனி போய் ராணியின் ஆட்சி வந்தது. சங்கத்தின் வேகம் குறைந்து 1862-க்குப் பிறகு செயலற்றுப் போனது. கோட்டைக்கு எதிராக எழுதிக்கொண்டே இருந்தவரை 1863-இல் கோட்டையே அழைத்துச் சட்டமன்ற மேலவையில் உட்கார வைத்தது. சி.எஸ்.ஐ. என்ற கௌரவப் பட்டமும் கொடுத்தது. அந்தச் சபையில் நியமன உறுப்பினர்கள்தான். கேள்வி கேட்கும் உரிமையோ, பட்ஜெட்டைப் பற்றிப் பேசும் உரிமையோ கிடையாது. கேள்வி கேட்டே பழகிய மனிதருக்கு அங்கே எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

1868-இல் அவர் இறந்தபோது பழைய செல்வம் இல்லை. பொது வேலைக்கே கரைந்துவிட்டது என்கிறார்கள். வாழ்நாள் முழுக்க இருப்புநிலைக் குறிப்பு சரியாகக் கூட்டி வருகிறதா என்று பார்த்துப் பழகியவன் நான். நீலம், துணி, வீடு, ரொக்கம் என்று அவர் குறிப்பின் ஒரு பக்கம் வருடா வருடம் குறைந்துகொண்டே போயிருக்கிறது. மறுபக்கத்தில் எதை, என்ன தலைப்பில் எழுதுவது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. அவர் போட்ட சங்கப் பழக்கம் மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை. 1884-இல் சென்னையில் மகாஜன சபை தொடங்கியது. அடுத்த வருடமே காங்கிரஸ்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் வந்தாள். அதற்குள் அவளுக்குக் காலாண்டுத் தேர்வே முடிந்துவிட்டது. கேள்வி வரவில்லையாம். இருந்தாலும் உட்கார்ந்து முழுவதும் கேட்டாள். கிட்டி பற்றிச் சொன்னபோது தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். கடைசியில், "அப்போ அவர் ரொம்பப் பணக்காரரா தாத்தா?" என்று கேட்டாள்.

"1844-இல் ஆமாம்மா" என்றேன்.